மூன்றாம் லெவல் பார்ட்டிக்கு குவெஸ்ட் யோசனைகள்: கோப்ளின் வேட்டை தவிர்த்து

தாழம்பூ:

வணக்கம். நாங்கள் ஆடுவது டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014-ல் வந்த விதிப் புத்தகம். பார்ட்டியில், அதாவது சேர்ந்து சாகசம் போகிற குழுவில், நாலு பேர்: கிளெரிக் (தெய்வ மந்திரம் போடுபவர்), ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடுபவர்), ரோக் (திருட்டுக் கைகாரர்), ஃபைட்டர் (போர்வீரர்). எல்லோரும் இப்போதுதான் மூன்றாம் லெவலைத் தொட்டிருக்கிறார்கள்.

இதுவரை போனதெல்லாம் ஒரே மாதிரிதான். சத்திரத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு, ஊருக்கு வெளியே ஒரு குகை, உள்ளே கோப்ளின்கள் என்கிற குட்டிப் பூதங்கள், தலைக்கு இத்தனை பொன். முதல் இரண்டு லெவலுக்கு அது நன்றாகவே ஓடியது. இப்போது ப்ளேயர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பணத்தை யார் தருகிறார்கள், அவர்களுக்கு இதில் என்ன லாபம், கோப்ளின்கள் இந்தப் பக்கம் ஏன் வந்தன? எனக்கு இந்தக் கேள்விகள் ரொம்பப் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு ஈடுகொடுக்கிற குவெஸ்ட் (பார்ட்டி ஏற்று முடிக்கிற பணி) வேண்டும்.

ஊர் ஓர் ஆற்றுத் துறைமுகம். உப்பு வியாபாரம், ஒரு சின்னக் கோயில், படகோட்டிகள் சங்கம். மற்றதெல்லாம் காலி, எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். ஒன்றிரண்டு செஷனில் முடிந்தால் நல்லது. சண்டை இருக்கட்டும், ஆனால் சண்டை முடிந்ததும் குவெஸ்ட்டும் முடிந்துவிடக் கூடாது.

இருபதுமுகம்:

நான் குவெஸ்ட் தேடும்போது மான்ஸ்டர் புத்தகத்தைத் திறப்பதில்லை. ப்ளேயர் கையேட்டில் மந்திரங்கள் பகுதிக்குப் போவேன். ஒவ்வொரு மந்திரத்தின் விளக்கத்திலும் ஏதோ ஒரு நிபந்தனை இருக்கும். இத்தனை நாள்தான் நிற்கும், இத்தனை பேருக்குத்தான் போதும், இந்தப் பொருள் இல்லாமல் நடக்காது. அந்த உலகத்தில் வாழ்கிற யாரோ ஒருவருக்கு அந்த நிபந்தனை பெரிய தலைவலி. அவருடைய தலைவலிதான் உங்கள் குவெஸ்ட்.

உதாரணத்துக்கு ஸ்பீக் வித் டெட். பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். அது அன்டெட் (மந்திரத்தால் எழுந்து நடமாடும் பிணம்) ஆகியிருக்கக் கூடாது. அப்புறம் ஒரு வரி: அதே பிணத்தின் மீது கடந்த 10 நாளுக்குள் யாராவது இந்த மந்திரத்தைப் போட்டிருந்தால், இப்போது பலிக்காது.

இந்த ஒரு வரியை உங்கள் துறைமுகத்தில் வையுங்கள். படகோட்டிகள் சங்கத்தின் கணக்கர் கொலையாகிவிட்டார். காலையில் பிணம் கிடைக்கிறது. கோயில் பூசாரி எல்லோர் முன்னாலும் மந்திரம் போடுகிறார். பலிக்கவில்லை. அதாவது, அவருக்கு முன்பே யாரோ வந்து ஐந்து கேள்வியையும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி 10 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை பிணம் பத்திரமாக இருக்க வேண்டும்.

இங்கே விதியே உங்களுக்குச் சந்தேகப் பட்டியலையும் கொடுத்துவிடுகிறது. அது மூன்றாம் நிலை மந்திரம் (மந்திரத்தின் நிலை வேறு, ஆளின் லெவல் வேறு). கிளெரிக்கோ பார்டோ (மந்திரம் தெரிந்த பாடகர்), அதுவும் ஐந்தாம் லெவல் ஆள்தான் போட முடியும். சின்ன ஊரில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? பூசாரி ஒருவர். சத்திரத்தில் தங்கியிருக்கும் பாடகர் ஒருவர். உப்பு வியாபாரி வீட்டோடு வைத்திருக்கும் கிளெரிக் ஒருவர். மூன்று பேர், முடிந்தது.

எதிரிக்கு வழிகள் இரண்டு. தாடையை உடைக்கலாம். இல்லை, அனிமேட் டெட் போட்டுப் பிணத்தை எழுப்பிவிடலாம், அன்டெட் ஆனால் பிறகு பேச வைக்க முடியாது. இதற்குத் தடுப்பு உங்கள் கிளெரிக் கையிலேயே இருக்கிறது: ஜென்டில் ரிபோஸ். இரண்டாம் நிலை மந்திரம், மூன்றாம் லெவலில் வந்துவிடும். பிணம் அழுகாது, அன்டெட்டாகவும் மாறாது. 10 நாள் நிற்கும். தேவையான பொருள் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு செப்புக் காசும். கண்ணுக்கு ஒன்றாக வைக்க வேண்டும், அந்தக் காசு 10 நாளும் அங்கேயே இருக்க வேண்டும்.

ஒரு ஊரே பதறுகிற வழக்கு, இரண்டு செப்புக் காசில் நிற்கிறது. நீங்கள் எதையும் சேர்க்கவே வேண்டாம், எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

தாழம்பூ:

படித்ததும் கை பரபரக்கிறது. உப்பு ஊர் வேறு, பொருத்தமாக அமைந்துவிட்டது!

ஒரே சந்தேகம். 10 நாள் என்பது மேசையில் எப்படி நகரும்? "நாங்கள் பிணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம்" என்று நாலு பேரும் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கற்சிலந்தி:

கடிகாரம் போடுங்கள். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் ஆடியிருந்தால் தெரியும். ஒரு வட்டம் வரைந்து அதை நாலு, ஆறு, எட்டு என்று துண்டு போட்டு, விஷயம் நகர நகர ஒவ்வொன்றாக நிரப்புவது. எந்த ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் குவெஸ்ட்டுக்கு நான் இரண்டு வட்டம் வரைவேன். ஒன்று, எதிரி பிணத்தை நெருங்குவது, ஆறு துண்டு. இன்னொன்று, ஊரின் பொறுமை, நாலு துண்டு. கணக்கர் செத்ததிலிருந்து சங்கத்தில் கூலி பட்டுவாடா நின்றுபோயிருக்கிறது. படகோட்டிகளுக்கு மூன்று நாள் தாங்கும், நாலாவது நாள் கோயில் வாசலுக்கு வருவார்கள். "பிணத்தை எரித்துத் தொலைக்க வேண்டியதுதானே, எங்கள் பணம் எங்கே?" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். பிணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற பார்ட்டிக்கு இரண்டாவது வட்டம் மடமடவென்று நிரம்பும். வெளியே போனால் முதலாவது நிரம்பும். நாலு பேர் இருக்கிறார்கள், பிரிந்துதான் ஆக வேண்டும்.

வட்டங்களை மறைக்காமல் மேசை நடுவில் வையுங்கள். ப்ளேயர்கள் பார்க்கட்டும். பேனாவை எடுத்து ஒரு துண்டை நீங்கள் நிரப்பும்போது மேசையில் விழுகிற அமைதிக்கு எந்த வர்ணனையும் ஈடாகாது.

நாளை ஒவ்வொன்றாக ஆட வேண்டாம். "இன்று பகலில் யார் எங்கே, இரவில் யார் காவல்" என்று இரண்டே கேள்வி. ஒன்றும் நடக்காத நாளை ஒரே வரியில் கடந்துவிடுங்கள்.

பழையகோட்டை:

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இருபதுமுகம் சொன்னது அருமையான முடிச்சு, ஆனால் ஒரே முடிச்சு. ப்ளேயர்களுக்கு அதில் அக்கறை வரவில்லை என்றால் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) கையில் வேறு எதுவும் இல்லை. குவெஸ்ட்டை விட இடம் முக்கியம் என்று நினைக்கிறேன். ஓர் இடத்தை உருவாக்கி, அதில் ஒருவரையொருவர் பிடிக்காத நாலு கும்பலை வைத்துவிட்டால் குவெஸ்ட்டை ப்ளேயர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

கேரி கைகாக்ஸ் எழுதிய த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ் என்ற பழைய சாகசப் புத்தகம் அப்படிப்பட்டதுதான். எல்லையில் ஒரு கோட்டை, பக்கத்திலேயே ஒரு பள்ளத்தாக்கு முழுக்கக் குகைகள். கோபோல்ட், கோப்ளின், ஹாப்கோப்ளின், ஆர்க், நோல் என்று ஆளுக்கொரு குகை. மேலோட்டமாகப் பார்த்தால் தாழம்பூ அலுத்துப்போன அதே கோப்ளின் வேட்டைதான். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். கோப்ளின்கள் ஒரு பை நிறையப் பொன் கொடுத்துப் பக்கத்துக் குகை ஓகரை (ஒரு ராட்சதன்) உதவிக்குக் கூப்பிடும். அதைவிட அதிகமாகப் பார்ட்டி கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஒரு கேள்வியில் ஒரு செஷன் முழுக்க ஓடும்.

அந்தக் காலத்து விதிகளில் இதற்கு உதவுகிற இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று ரியாக்‌ஷன் ரோல். எதிரே யாராவது வந்தால் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுவது: 2 வந்தால் உடனே தாக்கும், 12 வந்தால் நட்பாகப் பேசும், நடுவில் வந்தால் தயங்கும். கோப்ளின் என்றாலே வாளை உருவ வேண்டியதில்லை. இன்னொன்று, அனுபவப் புள்ளி பெரும்பாலும் கொண்டுவந்த பொன்னுக்குத்தான், ஒரு பொன்னுக்கு ஒரு புள்ளி. கொன்றால் கிடைப்பது சொற்பம். அதனால் ப்ளேயர்கள் பேசினார்கள், ஏமாற்றினார்கள், லஞ்சம் கொடுத்தார்கள். சண்டை கடைசி வழி. இந்த இரண்டையும் ஐந்தாம் பதிப்பில் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இருபதுமுகம்:

> ஓர் இடத்தை உருவாக்கி, அதில் ஒருவரையொருவர் பிடிக்காத நாலு கும்பலை வைத்துவிட்டால்

இதை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனால் அந்தக் கும்பல்கள் எதற்காக மோதுகின்றன என்பது அந்த உலகத்துக்கே உரியதாக இருந்தால் இன்னும் கூர்மையாக இருக்கும். நிலத்துக்கும் பொன்னுக்கும் எந்த ஊரிலும் சண்டை வரும். மந்திரம் இருக்கிற ஊரில் மட்டுமே வரக்கூடிய சண்டை எது?

இதைப் பாருங்கள். துறைமுகத்துக்கு மேலே ஒரு கிராமம், அங்கே ஓர் உப்புச் சுரங்கம். அதில் வேலை செய்வது எலும்புக்கூடுகள். அனிமேட் டெட் போட்ட கிழவர் ஒருவர் கிராமத்திலேயே இருக்கிறார். எழுப்பப்பட்டவர்கள் அந்தக் கிராமத்தின் முன்னோர்கள். சுரங்கத்தில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் ஏராளம். "நாங்கள் செத்த பிறகு எங்கள் எலும்பு இறங்கட்டும், பிள்ளைகள் இறங்க வேண்டாம்" என்று அவர்களே சம்மதித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்போது விதி. எழுப்பிய எலும்புக்கூடு 24 மணி நேரம்தான் சொன்னதைக் கேட்கும். அதற்குள் மறுபடி மந்திரம் போட்டுக் கட்டுப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க ஒரு முறை போட்டால் நாலு எலும்புக்கூடு வரை அடங்கும். ஐந்தாம் லெவல் மந்திரவாதியிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் (ஒரு நாளில் மந்திரம் போடுவதற்கான வாய்ப்பு) இரண்டு, ஆக எட்டு. கிழவர் நேற்று மாலை கடைசியாகப் போட்டார். இன்று காலையில் படுக்கையிலேயே உயிர் போய்விட்டது. பார்ட்டி மதியம் கிராமத்துக்குள் நுழைகிறது. மாலை வரைதான் நேரம்.

எட்டு எலும்புக்கூடும் சுரங்கத்துக்குள்ளே இருக்கின்றன. கூடவே கணக்குப் பார்க்கிற இரண்டு சிறுவர்கள்.

மூன்றாம் லெவலில் நாலு பேருக்கு எட்டு எலும்புக்கூடு என்பது டிஎம் கையேட்டின் கணக்குப்படி கடினமான சண்டை, ஆனால் கொன்றுவிடுகிற சண்டை இல்லை. கிளெரிக்கிடம் டர்ன் அன்டெட் (அன்டெட்டை விரட்டும் சக்தி) இருக்கிறது. தடியால் அடித்தால் எலும்புக்கு இரட்டிப்பு அடி. ஜெயித்துவிடுவார்கள். நான் எதிர்பார்க்கிறது அதற்கப்புறம் நடப்பதைத்தான். உடைந்து கிடக்கிற எலும்புகளில் தன் தாயின் எலும்பைத் தேடி ஒரு பெண் வருவாள். நாளையிலிருந்து சுரங்கத்தில் யார் இறங்குவது என்று ஊர் கூடிப் பேசும். உப்பு வியாபாரி வேறொரு மந்திரவாதியை அனுப்பத் தயாராக இருப்பார், ஆனால் இந்த முறை கைநாட்டு எதுவும் கேட்க மாட்டார். பார்ட்டி யார் பக்கம்?

பழையகோட்டை:

இதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளப்போகிறேன். ஒரு சேர்க்கை: கிழவர் விசார்டாக (படித்து மந்திரம் கற்றவர்) இருந்தால் ஆர்கேன் ரிகவரி உண்டு. ஷார்ட் ரெஸ்ட்டில் (சிறு ஓய்வில்) மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்று திரும்பக் கிடைக்கும், எட்டு பன்னிரண்டாகும். பன்னிரண்டு எலும்புக்கூடு மூன்றாம் லெவலுக்கு நிஜமாகவே கொலைகாரச் சண்டை. அப்போது சண்டையைத் தவிர்த்துச் சிறுவர்களை வெளியே கொண்டுவருவது எப்படி என்று யோசிப்பார்கள். சுரங்கத்துக்கு வாசல் ஒன்றா, காற்றோட்டக் குழி ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். தாழம்பூ, வரைபடத்தைத் தயாராக வைத்திருங்கள். இரண்டு வழியாவது இருக்கட்டும், ஒன்று நல்ல வழி, இன்னொன்று குறுகலான வழி.

நெய்தல்:

நான் டிஎம் இல்லை, எப்போதும் ப்ளேயர்தான். ட்ரூயிட் ஆடுகிறவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் மேசையில் ஒரு முறை பஞ்சக் குவெஸ்ட் வந்தது. வறட்சி, ஊரே பட்டினி, தானியம் பதுக்கிய பிரபு. நான் குட்பெரி (பசி தீர்க்கும் பழங்களை உண்டாக்கும் மந்திரம்) இருக்கிறதே என்றேன். டிஎம் முகம் சுருங்கிவிட்டது. "இந்த ஊரில் அது வேலை செய்யாது, நிலம் சபிக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டார். என் பாத்திரம் எதற்காக இருக்கிறதோ அதையே பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

இருபதுமுகம் சொல்கிற முறையில் அதே பஞ்சத்தை யோசித்துப் பாருங்கள். குட்பெரி ஒரு முறை போட்டால் 10 பழம். ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. 24 மணி நேரத்தில் சக்தி போய்விடும், சேர்த்து வைக்க முடியாது. மூன்றாம் லெவல் ட்ரூயிட்டுக்கு முதல் நிலை ஸ்லாட் நாலு, இரண்டாம் நிலை இரண்டு. எல்லாவற்றையும் கொட்டினால் ஒரு நாளைக்கு 60 பேர். ஊரில் 200 பேர் இருந்தால்?

மந்திரம் வேலை செய்யட்டும். முழுக்க வேலை செய்யட்டும். 60 பேர் யார் என்று நான் முடிவு செய்கிறேன். எல்லா ஸ்லாட்டும் பழத்துக்கே போய்விட்டால் சண்டையில் எனக்கு மந்திரம் என்று மிச்சம் இருப்பது கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன மந்திரம்) மட்டும். நான் ஊரை விட்டுப் பிரபுவின் கோட்டைக்குக் கிளம்பினால் அன்றைக்கு 60 பேர் பட்டினி. ரோக் கோட்டைக்குப் போகட்டும், நான் இருக்கிறேன் என்று என் ட்ரூயிட் சொல்வாள். அடுத்த நாள் காலையில் வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் 61-வதாக நிற்பவரிடம் நான் என்ன சொல்வேன் என்று டிஎம் கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்ல நான் தயார்.

ஒரு வேண்டுகோள். பசி, குழந்தைகள் சாவது போன்றவை சிலருக்குத் தாங்காது. ஆரம்பிக்கும் முன் மேசையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எக்ஸ் கார்டு வைத்து ஆடுகிறவர்கள் அதை நடுவில் வையுங்கள். தொட்டால் அந்தக் காட்சியைக் கடந்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

தாழம்பூ:

நெய்தல், 61-வது ஆள் என்பதை என் ட்ரூயிட் ப்ளேயருக்காகவே எழுதி வைத்துக்கொண்டேன். மேசையில் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

கற்சிலந்தி:

எல்லோரும் கனமாகக் கொடுத்துவிட்டீர்கள், நான் லேசாக ஒன்று தருகிறேன். செண்டிங் மந்திரம். எவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கும் செய்தி அனுப்பலாம், 25 வார்த்தைக்குள். கேட்பவர் உடனே பதில் சொல்லலாம், அவருக்கும் 25-தான்.

செஷன் ஆரம்பத்தில், பழைய நண்பர் ஒருவரின் குரல் கிளெரிக் தலைக்குள் கேட்கிறது:

"நான் செவ்வல்குன்றில் இருக்கிறேன். வடக்கு வாசல் வழியாக வராதீர்கள். காவலர்கள் நம் ஆட்கள் இல்லை. கிணற்றடியில் சாவி புதைத்திருக்கிறேன். மூன்றாவது நாள் நிலவு மறையும்போது வாருங்கள். யாரை வேண்டுமானாலும் நம்புங்கள், ஆனால் அந்தக் கிழட்டு"

25 முடிந்தது. செவ்வல்குன்றில் பார்ட்டிக்குத் தெரிந்த கிழவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும், இருவரும் உதவிக்கு வரட்டும். இப்போது பதில் சொல்ல வேண்டும். நாலு ப்ளேயரும் விரலை மடக்கி எண்ண ஆரம்பிப்பார்கள். மணல் கடிகாரம் இருந்தால் ஒரு நிமிடத்துக்குத் திருப்பி வையுங்கள்.

தாழம்பூ:

முடிவு செய்துவிட்டேன். முதலில் கணக்கர் கொலை, அதிலிருந்து உப்பு வியாபாரி வழியாகச் சுரங்கம். இரண்டுக்கும் ஒரே வியாபாரி.

கடைசியாக இரண்டு கேள்வி. பிணத்திடம் முதலில் கேட்டது யார் என்று நான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டுமா, இல்லை ப்ளேயர்களின் ஊகத்தைப் பார்த்து அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், நடுவில் காசு விழுந்துவிட்டால் குவெஸ்ட் தோல்வியா?

பழையகோட்டை:

முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர்கள் எதை ஊகித்தாலும் அதுவே சரி என்றால், அவர்கள் தேடிய தடயங்களுக்கு மதிப்பே இல்லை. தப்பாக ஊகிக்கிற உரிமையும் ப்ளேயருக்கு இருக்க வேண்டும். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் தன் வலைத்தளத்தில் எழுதிய மூன்று தடய விதியைப் பின்பற்றுங்கள்: அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் குறைந்தது மூன்று தடயம். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும்.

நெய்தல்:

முதலில் கேட்டவர் கொலைகாரராக இருக்க வேண்டியதில்லையே. கணக்கருக்கு ஒரு மகள் இருக்கட்டும். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். அன்றிரவு திரும்பி வந்தபோது அவர் செத்துக் கிடக்கிறார். சத்திரத்துப் பாடகரிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து மந்திரம் போட வைத்தாள். ஐந்து கேள்வியில் ஒன்றுகூடக் கொலையைப் பற்றி இல்லை. என் மேல் கோபமாகத்தான் போனீர்களா என்பதையே வேறு வேறு விதமாகக் கேட்டாள். அந்த மந்திரத்தில் பிணம் சுருக்கமாக, புதிராக, சொன்னதையே சொல்லும் என்று இருக்கிறது. அவளுக்குச் சரியான பதில் கிடைத்திருக்காது.

அவளுக்கும் பிணம் பத்திரமாக இருக்க வேண்டும், வேறு காரணத்துக்காக. ரெய்ஸ் டெட் (செத்தவரை உயிர்ப்பிக்கும் மந்திரம்) போட 500 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும், செத்து 10 நாளுக்குள் போட வேண்டும். ஜென்டில் ரிபோஸ் இருக்கிற நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அவள் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்தால் பார்ட்டிக்கு அவள் மேல் கோபம் வரும், விட்டுவிடவும் மனது வராது.

இருபதுமுகம்:

இதைவிட நல்ல விடை எனக்குத் தோன்றாது. தாழம்பூ, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கொலை வியாபாரி வீட்டு கிளெரிக்கின் வேலை. பிணத்தை எழுப்பக்கூடியவரும் அவர்தான்.

மகளுக்கான மூன்று தடயம்: பாடகர் திடீரென்று சத்திரத்துப் பாக்கியை அடைத்துவிட்டார். அவர் கொடுத்த பணத்தில் ஒரு பெண்ணின் தோடு இருக்கிறது. பிணத்தின் சட்டைக் கையில் யாரோ பிடித்து அழுத ஈரம் காய்ந்த கறை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: செத்த பிறகு நடந்தது எதுவும் பிணத்துக்குத் தெரியாது. "முன்னால் உன்னிடம் கேட்டது யார்" என்று 10 நாள் கழித்துக் கேட்டால் பதில் வராது. ப்ளேயர்கள் ஒரு கேள்வியை அதில் வீணாக்கக் கூடும், அதனால் பூசாரி வாயால் முன்பே சொல்ல வைத்துவிடுங்கள்.

காசு விழுந்தால் தோல்வி இல்லை. ஜென்டில் ரிபோஸ் நின்றுவிடும், அவ்வளவுதான். அதை ரிச்சுவலாகவே போடலாம், கூடுதலாகப் 10 நிமிடம் ஆகும், ஸ்லாட் செலவாகாது. ஆக, ஆபத்து காசு விழுந்ததிலிருந்து கிளெரிக் அதைக் கவனித்து மறுபடி போட்டு முடிக்கிற வரைக்கும்தான். அனிமேட் டெட் போட ஒரு நிமிடம் போதும். அதனால் ஒவ்வொரு இரவும் கிளெரிக் எங்கே தூங்குகிறார், கோயிலிலா சத்திரத்திலா என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதையும் செஷனுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.